ஆறுக்கு ஆறு என்ற தொலைபேசி அழைப்பு: மட்டக்களப்பில் ஓர் இழையப் பொருத்தப் பரிசோதனைச் சேவை

என் அக்காவுக்குச் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை செய்வதென்று முடிவான பின்னர், கொழும்பில் ஆய்வுகூடம் வைத்திருக்கும் தனியார் நிறுவனமொன்று மட்டக்களப்பு நகரில் நடத்துகின்ற குருதி மாதிரி சேகரிப்பு நிலையத்தில் எங்கள் குடும்பத்தவர் ஐந்து பேர் இழையப் பொருத்தப் பரிசோதனை செய்துகொண்டோம். பரிசோதனை நடந்து இருபது மாதங்களும், சத்திரசிகிச்சை நடந்து பதினான்கு மாதங்களும் ஆகின்றன. பரிசோதனை முடிந்த கையோடு எழுதியிருந்தால் கோபத்தில் எழுதியிருப்பேன்; சத்திரசிகிச்சை முடிந்த கையோடு எழுதியிருந்தால் நன்றியுணர்ச்சியில் எழுதியிருப்பேன். இரண்டும் தணிந்த பிறகு, அந்தச் சேவை எதைச் சரியாகச் செய்தது, எதில் தவறியது, எதை விற்றிருக்கவே கூடாது என்பதைப் பிரித்துப் பார்க்க முடிகிறது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லும் குறைகளில் சில இத்தகைய வேறு நிலையங்களிலும் இருக்கக்கூடியவை. எந்த நிலையத்துக்குப் போனாலும் கேட்க வேண்டிய கேள்விகளாக அவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

நாங்கள் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தவர்கள். அக்காவுக்கு நாற்பத்தொரு வயது, மூன்று பிள்ளைகள். ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்ற நோயால் இரு சிறுநீரகங்களும் படிப்படியாகச் செயலிழந்து, கிழமைக்கு இரண்டு முறை டயலிசிஸ் செய்யும் நிலைக்கு வந்திருந்தார். சிறுநீரகம் கொடுப்பதற்கு நான்கு பேர் முன்வந்தோம்: அறுபத்தாறு வயதான அம்மா, அத்தான், நான், தங்கச்சி. இப்பரிசோதனைகள் அரச துறையிலும் செய்யப்படுகின்றன. நாரஹேன்பிட்டியில் உள்ள தேசிய குருதி நிலையத்திலேயே இதற்கான ஆய்வுகூடம் இருக்கிறது. ஆனால் ஐந்து பேரும் ஒன்றாகக் கொழும்புக்குப் போய்த் தங்குவதென்றால் அக்காவின் டயலிசிஸ் நாள்களையும் அம்மாவின் முழங்காலையும் பார்க்க வேண்டும். எனவே, "குடும்பப் பொதி" என்ற பெயரில் மட்டக்களப்பிலேயே மாதிரி எடுத்து அனுப்புகிறோம் என்று விளம்பரம் செய்த இந்த நிலையத்தைத் தெரிவு செய்தோம்.

மாதிரி எடுத்த விதத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. தேசிய அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரை எங்கள் வாயாலும் சொல்லச் சொல்லி, குழாயில் குருதி நிறைந்த பிறகு எங்கள் கண்முன்னேயே பெயர்ச்சீட்டை ஒட்டி, அதை எங்களைக் கொண்டே வாசிக்கச் செய்தார்கள். ஒரே குடும்பப் பெயரில் ஐந்து பேர் வரிசையாக இருக்கும்போது குழாய் மாறினால் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த நிதானத்தின் பெறுமதி விளங்கும். டயலிசிஸ் நோயாளிகளின் ஒரு கையில் குருதிக்குழாய் இணைப்புச் சத்திரசிகிச்சை செய்திருப்பார்கள். அந்தக் கையில் ஊசி குத்தக் கூடாது. குருதி எடுத்த பெண் பிள்ளை, அக்கா சொல்வதற்கு முன்னரே மற்றக் கையை நீட்டச் சொன்னார். பெரிய வைத்தியசாலைகளில்கூட இதை நாங்களே நினைவூட்ட வேண்டியிருந்த நாள்கள் உண்டு.

பிரச்சினை குருதி எடுத்த அறையில் இருக்கவில்லை, அதற்கு வெளியே பணம் வாங்கிய கருமபீடத்தில் இருந்தது. அக்காவின் குருதி வகை ஓ, அம்மாவினது பி. இந்த வகையைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்பதாம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஓ வகையினரின் குருதியில் ஏ, பி இரண்டுக்கும் எதிரான பிறபொருளெதிரிகள் (அந்நியப் பொருளைத் தாக்கும் புரதங்கள்) பிறந்த சில மாதங்களிலேயே தாமாக உருவாகிவிடுவதால், பி வகையினரின் சிறுநீரகத்தை அவர்களுக்குப் பொருத்தினால் சில மணித்தியாலங்களிலேயே அது கருகிப் போகலாம். இந்தப் பிறபொருளெதிரிகளை முன்கூட்டியே வடித்தெடுத்துவிட்டு வகை மாறிய சிறுநீரகத்தைப் பொருத்தும் முறை சில நாடுகளில் இருக்கிறது. ஆனால் ஓ வகையில் மூன்று பேர் தயாராக நிற்கும் வீட்டில் அந்த வழியை எவரும் நாட மாட்டார்கள். ஆக, படிவத்தில் குருதி வகையை எழுதிய அந்த நிமிடமே அம்மாவுக்கு இழையப் பொருத்தப் பரிசோதனை தேவையில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவர்களோ பொதிக்கு நான்கு பேர் என்று கணக்குப் போட்டு நான்கு பேருக்கும் பணம் வாங்கினார்கள். எங்களுக்கு அப்போது தெரியாது. அவர்களுக்குத் தெரியாமலிருக்க நியாயமில்லை. பின்னர் எங்கள் சிறுநீரக வைத்திய நிபுணர் இதைக் கேட்டு, முதலில் குருதி வகை, அடுத்து குருதி அமுக்கமும் சீனியும் சிறுநீரும், அதன் பிறகே விலை கூடிய மரபணுப் பரிசோதனை என்ற வரிசையை ஒரு தாளில் எழுதித் தந்தார். நேர் மறைக் குறி, அதாவது ஓ பொசிட்டிவ், ஓ நெகட்டிவ் என்ற வேறுபாடு, சிறுநீரகப் பொருத்தத்தில் பார்க்கப்படுவதில்லை என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

இழையப் பொருத்தம் என்பது எதை அளக்கிறது என்பதைச் சொல்லாமல் அறிக்கையைப் பற்றிப் பேச முடியாது. ஆறாம் நிறமூர்த்தத்தின் குறுங்கையில் நெருக்கமாக அமைந்திருக்கும் ஒரு மரபணுத் தொகுதி, நமது கலங்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. எனப்படும் புரதங்களை உண்டாக்குகிறது. நோய்க்கிருமிகளின் துண்டுகளை வெண்குருதிக் கலங்களுக்கு ஏந்திக் காட்டுவது அவற்றின் அன்றாட வேலை. ஆளுக்காள் இவை பெரிதும் வேறுபடுவதால், வேறொருவரின் சிறுநீரகம் உடலுக்குள் வரும்போது அதன் கலங்களில் உள்ள இப்புரதங்களையே நமது வெண்குருதிக் கலங்கள் அந்நியம் என்று முதலில் அடையாளம் காண்கின்றன. பிரான்சைச் சேர்ந்த ஜான் டோசே 1958இல் இவ்வகையில் முதலாவதைக் கண்டறிந்து, 1980இல் வேறு இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதற்கு முன்னர், 1954 டிசம்பர் 23இல் போஸ்டன் நகரில் ஜோசப் மரேயின் குழுவினர் முதலாவது வெற்றிகரமான சிறுநீரக மாற்றைச் செய்தபோது, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்கள்தானா என்பதை உறுதி செய்ய ஒருவரின் தோலை மற்றவரில் ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். உடல் அதைத் தள்ளாததைக் கண்ட பின்னரே சத்திரசிகிச்சைக்குத் துணிந்தார்கள். அன்று தோலை ஒட்டிக் காத்திருந்து அறிந்ததை இன்று சில மில்லிலீற்றர் குருதியில் அறிகிறோம்.

இத்தொகுதியின் மரபணுக்கள் நெருங்கி இருப்பதால் பெரும்பாலும் பிரியாமல் ஒரு கோவையாகவே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகின்றன. தகப்பனிடம் இரண்டு கோவைகள், தாயிடம் இரண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று. ஆகவே இரு சகோதரர்களுக்கு இரண்டு கோவைகளும் ஒன்றாக அமைவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பும், ஒன்று மட்டும் ஒத்திருப்பதற்கு நான்கில் இரண்டு வாய்ப்பும், எதுவுமே ஒத்துப் போகாமலிருப்பதற்கு நான்கில் ஒரு வாய்ப்பும் உண்டு. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் எப்போதும் ஒன்று ஒத்திருக்கும்.

இங்கே எங்கள் பிரதேசத்துக்கே உரிய ஒரு குழப்பம் இருக்கிறது. மட்டக்களப்புத் தமிழரிடையே குடி என்பது தாய்வழியாக மட்டுமே வருவது. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாட்சி குடி என்று கோயில் உரிமை முதல் கலியாணப் பேச்சு வரை அது கணக்கில் எடுக்கப்படும். ஒரே குடியில் மணம் முடிப்பதில்லை. அவர்கள் உடன்பிறந்தார் முறை. அக்காவின் நிலை ஊரில் தெரிந்தவுடன், "எங்கட குடியில ஒரு பிள்ளை தந்தால் பொருந்தாமலா போகும்?" என்று வயதான மாமா ஒருவர் மிகுந்த நம்பிக்கையோடு கேட்டார். எச்.எல்.ஏ. கோவைகளுக்குக் குடி தெரியாது. அவை பாதி தகப்பன் வழியிலும் பாதி தாய் வழியிலும் வந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் மறுபடி கலைந்து சேர்கின்றன. பத்துத் தலைமுறைக்கு முன்னர் ஒரே கிழவியின் வயிற்றுவாராக இருந்தவர்கள் இன்று ஒரு கோவையைக்கூடப் பகிராமலிருக்கலாம். மாறாக, வேறு குடியைச் சேர்ந்த மாமன் மகனான மச்சானிடம் ஒரு கோவை ஒத்திருப்பதற்கு ஏறத்தாழ நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அத்தான் அம்மாவின் தமையன் மகன்தான். நிலையத்தின் படிவத்தில் "உறவு முறை" என்ற இடத்தில் "கணவர்" என்று மட்டும் எழுத இடமிருந்தது. சொந்தத்தில் மணம் முடித்தவர்களா என்று எவரும் கேட்கவில்லை. கிழக்கில் நிலையம் நடத்துபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளில் அது ஒன்று.

அறிக்கை பதினொரு நாளில் தயாரானது. சொன்னது பத்து வேலை நாள். ஆகவே தாமதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எங்களை வந்தடைந்த வழி பிழையானது. கருமபீடத்தில் இருந்தவர், பணம் செலுத்திய பற்றுச்சீட்டில் இருந்த இலக்கத்துக்கு, அதாவது அத்தானின் கைப்பேசிக்கு, அழைத்து "உங்கட மச்சாளுக்கு ஆறுக்கு ஆறு, நல்ல செய்தி" என்று வாழ்த்துச் சொல்லிவிட்டார். வைத்தியர் அறிக்கையைப் பார்க்கவில்லை. தங்கச்சிக்கே இன்னும் தெரியாது. அன்று பின்னேரத்துக்குள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் தங்கச்சியைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. அவளுக்கு இருபத்தொன்பது வயது. கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கொடுக்க விரும்பித்தான் குருதி கொடுத்தாள் என்பது வேறு; விரும்பாவிட்டால் விலகிக்கொள்ளும் வழி அந்த அழைப்போடு அடைபட்டுப் போனது என்பது வேறு. உயிரோடிருக்கும் ஒருவர் உறுப்புக் கொடுப்பதற்கு அவரது சம்மதம் அவசியம் என்று 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இருக்கும் நாடு இது. அந்தச் சம்மதம் சுயமாக அமைய வேண்டுமென்றால், கொடுப்பவரின் பெறுபேறு முதலில் கொடுப்பவரிடம் போக வேண்டும். இச்சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பீட்டில் மிகப் பெரிய கழிவு இந்த ஒரு நிமிட அழைப்புக்கே.

ஆறுக்கு ஆறு என்பது பொய்யல்ல. எச்.எல்.ஏ. தொகுதியில் ஏ, பி, டி.ஆர். என்ற மூன்று இடங்களில் (இவை குருதி வகையின் ஏ, பி அல்ல) ஆளுக்கு இரண்டு வீதம் ஆறு வகைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய கணக்கு அது. தங்கச்சிக்கு ஆறும் ஒத்திருந்தன, எனக்கு மூன்று, அத்தானுக்கு இரண்டு. பின்னர் வைத்தியசாலை மூலம் மீண்டும் செய்த பரிசோதனையிலும் இதே பெறுபேறுகள் வந்தன என்பதால், ஆய்வுகூடத்தின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த எண்ணை ஒரு தீர்ப்பைப் போலக் கொடுத்ததுதான் பிழை. முதலாவதாக, அது நிராகரிப்பைப் பற்றி மட்டும் பேசுகிறது. கொடுப்பவரின் உடல்நலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தங்கச்சிக்குச் சீனிக் கரைசல் குடிக்கக் கொடுத்துச் செய்த பரிசோதனையில் நீரிழிவின் தொடக்க அறிகுறி தெரிந்தது. இளம் வயதில் அப்படியிருப்பவரிடம் சிறுநீரகம் எடுக்க எங்கள் வைத்தியர் மறுத்துவிட்டார். இரண்டு மாதமாக வீட்டில் சுமந்த பாரம் ஐந்து நிமிடத்தில் இறங்கியது. அவள் அழுதாள், ஆறுதலிலா ஏமாற்றத்திலா என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவதாக, பொதியில் டி.கியூ. என்ற இடம் பரிசோதிக்கப்படவில்லை. சத்திரசிகிச்சைக்குப் பிறகு, கொடுத்தவருக்கு எதிராகப் புதிதாக உருவாகி மெல்ல மெல்லச் சிறுநீரகத்தை அழிக்கும் பிறபொருளெதிரிகளில் மிக அடிக்கடி காணப்படுபவை டி.கியூ. புரதங்களுக்கு எதிரானவை என்பது இன்று இத்துறையில் பரவலாக அறியப்பட்ட விடயம். உடன்பிறந்தவர்களுக்கிடையில் கோவை ஒத்திருந்தால் டி.கியூ.வும் பெரும்பாலும் ஒத்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் என்னைப் போல ஒரு கோவை ஒத்து மற்றது மாறுபடும்போது, மாறுபடும் பக்கத்தின் டி.கியூ. எது என்று தெரியாமல் பிற்காலத்தில் எந்த எதிரியைத் தேடுவது? அதை நாங்கள் தனிக் கட்டணம் கட்டிப் பின்னர் செய்ய வேண்டியிருந்தது. அம்மாவுக்காக வாங்கிய பணத்தில் இதைச் செய்திருக்கலாம்.

இனி, உயிர்க்கலப் பொருத்தம் என்று நான் சொல்லப் போகும் பரிசோதனை. கொடுப்பவரின் உயிருள்ள வெண்குருதிக் கலங்களைப் பெறுபவரின் குருதித் தெளியத்தோடு (குருதி உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) சேர்த்து, அந்தத் தெளியம் கலங்களைக் கொல்கிறதா என்று பார்ப்பது இது. ஆய்வுகூடத்தார் இதைக் குரொஸ் மெட்ச் என்பார்கள். 1969இல் பட்டேல், டெரசாக்கி என்ற இருவர் வெளியிட்ட பெறுபேறு இப்பரிசோதனையை உலகெங்கும் கட்டாயமாக்கியது: கலங்கள் கொல்லப்பட்ட 30 பேரில் 24 பேருக்குப் பொருத்திய சிறுநீரகம் உடனடியாகவே பழுதானது, கொல்லப்படாத 195 பேரில் அப்படியானது 8 பேருக்கு மட்டும். மரபணு வகைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது நீண்ட கால ஆபத்தைச் சொல்லும். பெறுபவரின் குருதியில் ஏற்கனவே ஆயத்தமாக நிற்கும் எதிரிகள் அன்றைய இரவின் ஆபத்தைச் சொல்லும்.

இந்த எதிரிகள் மூன்று வழிகளில் உருவாகின்றன: குருதி ஏற்றுதல், முந்திய உறுப்பு மாற்று, கர்ப்பம். கருவிலுள்ள பிள்ளையின் பாதி தகப்பனுடையது என்பதால், தாயின் உடல் தகப்பனின் எச்.எல்.ஏ. வகைகளை ஒன்பது மாதம் அறிந்துகொள்கிறது. ஒவ்வொரு கர்ப்பத்தோடும் அந்த அறிமுகம் ஆழமாகிறது. கணவன் மனைவிக்குச் சிறுநீரகம் கொடுப்பதைப் போல அன்பான காரியம் வேறில்லை என்று ஊர் சொல்லும். ஆனால் மூன்று பிள்ளைகள் பெற்ற மனைவியின் குருதியில் அந்தக் கணவருக்கு எதிரான படை ஒன்றே தயாராக இருக்கக்கூடும் என்பதை ஊர் அறியாது. அக்காவின் பெறுபேறு அப்படித்தான் வந்தது: அத்தானின் கலங்கள் கொல்லப்பட்டன. சொந்தத்தில் மணம் முடித்ததால் இரண்டு வகைகள் ஒத்திருந்தும், ஒத்திராத நான்கில் ஒன்றுக்கு எதிராக வலுவான பிறபொருளெதிரி இருந்தது. மனிதர் அந்தத் தாளை நீண்ட நேரம் கையில் வைத்திருந்தார். "பிள்ளைகளால வந்த பகை" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னதும்தான் அவரும் சிரித்தார்.

எனக்கும் அக்காவுக்குமான இதே பரிசோதனையில்தான் நிலையம் சறுக்கியது. மரபணு வகையறியும் பரிசோதனைக்கு டி.என்.ஏ. போதும், குருதி சில நாள் தாமதித்துப் போனாலும் பெரிதாகக் கெடுவதில்லை. உயிர்க்கலப் பொருத்தத்துக்கு, பெயரே சொல்வது போல, கலங்கள் உயிரோடிருக்க வேண்டும். சாதாரண அறை வெப்பநிலையில், இயன்றவரை ஒரு நாளுக்குள் அவை ஆய்வுகூடத்தை அடைய வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். இரவு வண்டியில் ஏற்றினால் விடியும்போது போய்ச் சேரும், அதில் இடரில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்த என் குருதியை, மற்றக் குழாய்களோடு சேர்த்துப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அது சனி, ஞாயிறு கழிந்து திங்கட்கிழமையே திறக்கப்பட்டது. "போதிய உயிர்க்கலங்கள் இல்லை, மாதிரியை மீண்டும் அனுப்பவும்" என்ற ஒரு வரி அறிக்கை வந்தது. மறுமுறைக்குப் பணம் கேட்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் முதல் முறை ஏன் கெட்டது என்று விளக்கவுமில்லை. எங்கள் வைத்தியரிடம் கேட்டு அறிந்துகொண்டு, இரண்டாம் முறை திங்கட்கிழமை காலையில் போய், பனிக்கட்டி வேண்டாம் என்று நானே சொன்னேன். அந்தப் பெண் பிள்ளை கொழும்புக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, "ஓம் ஐயா, நீங்க சொல்றது சரி" என்று ஒத்துக்கொண்டார். நல்ல பிள்ளை, பயிற்சி கொடுக்காதது அவரது தவறல்ல. பெறுபேறு பாதகமின்றி வந்தது. சிறுநீரகம் என்னுடையது என்று முடிவானது அன்றுதான்.

கருமபீடத்தில் மேலதிகமாக விற்கப்பட்ட இரண்டு பரிசோதனைகளைப் பற்றியும் எழுத வேண்டும். ஒன்று, டக்ரோலிமஸ் மருந்துக்கான மரபணுப் பரிசோதனை. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் காக்கும் முதன்மை மருந்து அது. சி.வை.பி.3ஏ5 என்ற நொதியம் செயற்படும் மரபணு வடிவத்தைப் பெற்றவர்கள் இம்மருந்தை வேகமாகச் சிதைத்துவிடுவார்கள். அவர்களுக்கு வழமையான தொடக்க அளவின் ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை தேவைப்படும் என்று சர்வதேச வழிகாட்டுதல் உண்டு. இரண்டாவது, "நிராகரிப்பு ஆபத்து மதிப்பெண்" என்ற பெயரில், பெறுபவரதும் கொடுப்பவரதும் பல மரபணு இடங்களை ஒப்பிட்டு நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண்ணைத் தரும் பரிசோதனை. இரண்டையும் நாங்கள் வாங்கவில்லை; காரணம் அறிவல்ல, பணம் முடிந்துவிட்டிருந்தது.

இன்று கேட்டால், முதலாவதைப் பயனுள்ளது என்றும் இன்றியமையாதது அல்ல என்றும் சொல்வேன். பிரான்சில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மரபணுவைப் பார்த்து அளவு தீர்மானிக்கப்பட்டவர்களில் 43 சதவீதத்தினரும், வழமை போலத் தொடங்கியவர்களில் 29 சதவீதத்தினரும் ஆரம்பத்திலேயே உரிய குருதி மட்டத்தை எட்டினார்கள். ஆனால் நிராகரிப்பில் வேறுபாடு காணப்படவில்லை. எப்படியும் குருதியில் மருந்தின் மட்டம் அடிக்கடி அளக்கப்படுவதால் அளவு சில நாளில் சரிசெய்யப்பட்டுவிடும் என்பதே காரணம். ஆனால் "அடிக்கடி" என்ற சொல் கொழும்பில் இருப்பவருக்கும் களுவாஞ்சிக்குடியில் இருப்பவருக்கும் ஒன்றல்ல. அக்காவுக்கு மூன்றாம் மாதம், சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் குருதியில் 1.2இலிருந்து 1.9க்கு ஏறியது. மருந்தை ஒரு வேளையும் தவறவிடாதவர். ஆனாலும் மருந்தின் மட்டம் வைத்தியர் எதிர்பார்த்த 8க்குப் பதிலாக 4 ஆக இருந்தது. ஊசியால் எடுத்த இழையத் துண்டில் தொடக்க நிலை நிராகரிப்பு உறுதியாகி, மூன்று நாள் நாளம் வழியாக ஸ்டெரொயிட் ஏற்றியபின் கிரியாட்டினின் 1.3க்கு இறங்கியது. மருந்தின் அளவு ஏறக்குறைய இரு மடங்காக்கப்பட்ட பின்னரே மட்டம் நிலைத்தது. வேகமாகச் சிதைப்பவராக இருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். தூர இடத்தில் வாழ்பவர்கள், பணமிருந்தால், இந்த ஒரு மேலதிகப் பரிசோதனையைப் பற்றித் தம் வைத்தியரிடம் கேட்டுப் பார்க்கலாம். (பம்பளிமாஸ் பழம் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்து மட்டத்தை ஏற்றிவிடக்கூடியது என்பதால் எங்கள் வீட்டு மரத்துப் பழங்கள் இப்போது அயலுக்கே போகின்றன.)

மதிப்பெண் பரிசோதனையைப் பொறுத்தவரை என் கருத்துக் கடுமையானது. எச்.எல்.ஏ.க்கு வெளியேயும் நிராகரிப்போடு தொடர்புள்ள மரபணு இடங்கள் இருக்கின்றன என்பது உண்மை. 2019இல் வெளியான ஆய்வொன்றில், எல்.ஐ.எம்.எஸ்.1 என்ற மரபணுவுக்கு அருகே ஒரு சிறு டி.என்.ஏ. துண்டு பெறுபவரின் இரு பிரதிகளிலும் இல்லாமலும், கொடுப்பவரிடம் இருந்தும் அமையும்போது நிராகரிப்பு ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்காவது காட்டப்பட்டது. ஆண் கொடுத்துப் பெண் பெறும்போது, வை நிறமூர்த்தத்தின் புரதங்களைப் பெண்ணின் உடல் அந்நியமாகக் காணலாம் என்பதும் அறியப்பட்டதே; எனக்கும் அக்காவுக்கும் பொருந்தும் விடயம் அது. எச்.எல்.ஏ. முழுவதும் ஒத்த உடன்பிறந்தவர்களுக்கிடையிலும் நிராகரிப்பு நிகழ்வதற்கு இத்தகைய சிறு வேறுபாடுகளே காரணம். ஆதலால்தான் ஆறுக்கு ஆறு கிடைத்தவர்களும் மருந்தை நிறுத்த முடியாது. ஆனால் இவை ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் சாய்வுகள். அவற்றைக் கூட்டிப் பெருக்கி, ஒரு தனிக் குடும்பத்துக்கு "உங்கள் ஆபத்து நூற்றுக்கு இவ்வளவு" என்று தாளில் அச்சிட்டுக் கொடுப்பது வேறு காரியம். அந்த மதிப்பெண் எந்த மக்களிடையே சரிபார்க்கப்பட்டது, இலங்கையர் அதில் இருந்தார்களா என்று கேட்டேன். கருமபீடத்தில் பதில் இல்லை. கொழும்புக்கு எழுதிய மின்னஞ்சலுக்கும் பதில் வரவில்லை. அந்த எண் உயர்வாக வந்திருந்தால், இருந்த ஒரே கொடையாளியான என்னை வீட்டார் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசிக்கிறேன். அதை விற்கக் கூடாது.

படிவத்தில் இருந்திருக்க வேண்டிய இன்னொரு கேள்வி, சிறுநீரகம் ஏன் பழுதானது என்பது. பல நீர்க்கட்டிகள் தோன்றும் பரம்பரை நோயாக இருந்தால் உடன்பிறந்தவருக்கும் அது இருப்பதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அவரைக் கொடையாளியாகக் கருதும் முன்னர் ஸ்கேன் செய்தே ஆக வேண்டும். இதை நிலையம் தீர்மானிக்க வேண்டியதில்லை. கேட்டு எழுதினால் போதும்.

மொழி பற்றிச் சுருக்கமாக: சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது, அம்மா கைநாட்டுப் போல ஒப்பமிட்டார். அறிக்கையும் ஆங்கிலம், அது வைத்தியருக்கானது என்பதால் மன்னிக்கலாம். சம்மதம் அம்மாவுடையது.

கட்டணம் மொத்தத்தில் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. குருதி எடுக்கும் பணியாளர்களுக்கும் ஆய்வுகூடத்தின் துல்லியத்துக்கும் ஐந்தில் நான்கரை கொடுப்பேன்; மாதிரியைக் கொண்டு செல்லும் ஏற்பாட்டுக்கு இரண்டு; ஆலோசனைக்கும் அந்தரங்கம் பேணலுக்கும் ஒன்று. கொழும்புக்குப் போக இயலாதவர்கள் இச்சேவையைப் பயன்படுத்தலாம். ஆனால் எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைச் சிறுநீரக வைத்திய நிபுணரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போய், அதற்கு மேல் எதையும் வாங்காமல் வர வேண்டும்.

கடந்த மாதம், எனது சிறுநீரகத்துக்கு எதிராக அக்காவின் குருதியில் புதிய பிறபொருளெதிரிகள் தோன்றியிருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக மீண்டும் அங்கே போனோம். அதே பெண் பிள்ளைதான் குருதி எடுத்தார். படிவம் இப்போது மூன்று மொழிகளிலும் இருக்கிறது, கீழே, "பெறுபேற்றை யாரிடம் அறிவிக்கலாம்?" என்று புதிதாக ஒரு கட்டம். அக்கா தன் பெயரையும் தன் இலக்கத்தையும் மட்டும் எழுதினார். பணம் கட்டிய அத்தான், பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் ஆட்டோக்காரரோடு கதைத்துக்கொண்டு நின்றார்.